பழைய விதியைக் கைவிடும் மூளை

ஒருவர் முன் நான்கு சீட்டுகள் வைக்கப்படுகின்றன: ஒரு சிவப்பு முக்கோணம், இரண்டு பச்சை நட்சத்திரங்கள், மூன்று மஞ்சள் கூட்டல் குறிகள், நான்கு நீல வட்டங்கள். கையில் தரப்படும் ஒவ்வொரு சீட்டையும் இவற்றுள் ஒன்றன்கீழ் அவர் வைக்க வேண்டும். எதன் அடிப்படையில் வைப்பது என்று சோதிப்பவர் சொல்லமாட்டார். வைத்த பிறகு ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று மட்டுமே சொல்வார். நிறம்தான் விதி என்று கண்டுகொண்டு தொடர்ந்து 10 முறை சரியாக வைத்ததும், எந்த அறிவிப்பும் இல்லாமல் விதி வடிவத்துக்கு மாறிவிடும். 1948இல் உருவான இந்த விஸ்கான்சின் சீட்டுச் சோதனையை, வலிப்பு நோய்க்காக மூளையின் முன்மடலில் அறுவை செய்துகொண்டவர்களிடம் நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர் நடத்தி, முடிவுகளை 1963இல் வெளியிட்டார். முதல் விதியைக் கண்டுபிடித்த பலர், ‘தவறு’ என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட பின்னரும் அந்த விதியை விட்டு நகர முடியாமல் தவித்தனர்.

சூழல் மாறும்போது எண்ணத்தையும் செயலையும் மாற்றிக்கொள்ளும் இந்தத் திறனைச் சிந்தனை நெகிழ்வு என்கிறோம். பெயர் ஒன்றாக இருந்தாலும் இதற்குள் குறைந்தது இரண்டு வேலைகள் அடங்கியுள்ளன: இதுவரை பலன் தந்ததை விடுவது, இனிப் பலன் தரப்போவதைப் பற்றிக்கொள்வது. இவ்விரண்டுக்கும் மூளை வெவ்வேறு வேதிப்பொருள்களைச் சார்ந்திருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டியவை மார்மோசெட் குரங்குகளிடம் நடந்த ஆய்வுகள். கண் குழிக்கு மேலே அமைந்த முன்மூளைப் புறணிப் பகுதியில் செரட்டோனினைக் குறைத்தபோது, இரண்டு படங்களில் எதைத் தொட்டால் உணவு கிடைக்கும் என்பதைக் குரங்குகள் சரியாகவே கற்றன. ஆனால், படங்களின் பலன் தலைகீழாக மாற்றப்பட்டதும் அவை பழைய படத்தையே விடாமல் தொட்டன. அதே பகுதியில் டோபமைனைக் குறைத்தபோது இந்தக் குறை தோன்றவில்லை.

டோபமைனின் கதை இதைவிடச் சிக்கலானது. எதிர்பார்த்ததைவிட நல்ல பலன் கிடைத்தால் டோபமைன் நரம்பணுக்கள் வேகமாகத் துடிக்கின்றன. எதிர்பார்த்த பலன் வராமல் போனால், சரியாக அந்தத் தருணத்தில் அவற்றின் துடிப்பு சற்று நேரம் சரிகிறது. அந்தச் சரிவுதான் ‘இனி இது உதவாது’ என்ற செய்தி. பார்க்கின்சன் நோயாளிகளுக்குத் தரப்படும் எல்-டோபா மருந்து டோபமைனை உயர்த்துவதால், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் திறன் அவர்களிடம் மேம்படுகிறது. அதே மருந்து, பலன் தலைகீழாவதைக் கண்டு மாறிக்கொள்ளும் திறனைக் கெடுக்கவும் செய்கிறது. நோயின் தொடக்கக் கட்டத்தில், மூளையின் ஆழத்தில் உள்ள அடிமூளைக் கருக்களின் மேற்பகுதியில் டோபமைன் வெகுவாகக் குறைந்திருக்கும், கீழ்ப்பகுதியில் ஓரளவு மிஞ்சியிருக்கும். முன்னதற்குப் போதுமான அளவு பின்னதற்கு மிகையாகி, அந்தச் சிறு சரிவை நிரப்பி மறைத்துவிடுகிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். ‘டோபமைனை அதிகரிக்கும் 10 வழிகள்’ என்ற வகை அறிவுரைகளை நான் ஐயத்தோடு பார்ப்பதற்கு இந்த ஒரு முடிவே போதும்.

வேதிச் செய்திகள் நொடிகளில் வந்து போகின்றன. மாற்றம் நிலைக்க வேண்டுமானால் நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளே மாற வேண்டும். வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களின் பங்கு இங்கேதான் பெரிதாகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மோன்டால்சினியும் அது தொடர்பான பணிக்காக ஸ்டான்லி கோஹனும் 1986இல் நோபல் பரிசு பெற்றனர். அதே குடும்பத்தைச் சேர்ந்த பி.டி.என்.எஃப். என்ற புரதம் 1982இல் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இது முதலில் நீண்ட முன்வடிவமாக உருவாகி, பின்னர் நொதிகளால் வெட்டப்பட்டு முதிர்ந்த வடிவத்தை அடைகிறது. முதிர்ந்த வடிவம், நரம்பணுவில் செய்தியை வாங்கும் புரதமான ஏற்பிகளுள் டிஆர்கே-பி என்ற ஒன்றில் இணைந்து நரம்பிணைப்புகளை வலுப்படுத்துகிறது. வெட்டப்படாத முன்வடிவமோ பி75 என்ற வேறொரு ஏற்பியில் இணைந்து அவை வலுவிழக்கத் துணைபுரிகிறது. ஆக, ஒரே மரபணுவிலிருந்து வரும் பொருள், எங்கே எப்போது வெட்டப்படுகிறது என்பதைப் பொறுத்து எதிரெதிரான இரண்டு வேலைகளைச் செய்கிறது.

இணைப்பு வலுவிழப்பதை வெறும் இழப்பாகக் கருதிவிடக் கூடாது. நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் நரம்பிணைப்புகள் வலுவிழக்க முடியாதவாறு மரபணு மாற்றப்பட்ட எலிகள், நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையின் இடத்தை மற்ற எலிகளைப் போலவே கற்றன. மேடை இடம் மாற்றப்பட்டபோதுதான் திணறின. கற்றதை அழிக்க இயலாத மூளை, புதிதாகக் கற்கும் இடத்தில் தடுமாறுகிறது.

உடற்பயிற்சி பி.டி.என்.எஃப். அளவை உயர்த்துகிறது என்பது எலிகளில் உறுதியாக நிறுவப்பட்ட செய்தி. மனிதர்களின் நிலையை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 120 முதியவர்களுள் ஓராண்டு நடைப்பயிற்சி செய்த பிரிவினரின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதானது. அந்த வளர்ச்சி இரத்தத்தில் பி.டி.என்.எஃப். உயர்ந்ததோடு தொடர்புபட்டிருந்தது. ஆனால், இரத்தத்திலுள்ள பி.டி.என்.எஃப்.பின் பெரும்பகுதி தட்டணுக்களில் சேமிக்கப்பட்டிருப்பது; அதை மூளையின் அளவாகவே எடுத்துக்கொள்ள முடியாது.

செரட்டோனினும் பி.டி.என்.எஃப்.பும் சந்திக்கும் இடத்தை இன்னோர் ஆய்வு காட்டுகிறது. குட்டிப் பருவத்தில் ஒரு கண் மூடப்பட்டதால் அதில் பார்வை மங்கிய எலிகளுக்கு, அவை வளர்ந்த பின் ஃபுளூக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து தரப்பட்டது. செரட்டோனினைக் கூட்டும் அந்த மருந்தால் பார்வைப் புறணியில் பி.டி.என்.எஃப். உயர்ந்தது. அதோடு நல்ல கண்ணை மூடி மங்கிய கண்ணுக்கு வேலை கொடுத்தபோது, வளர்ந்த மூளையில் இனி நடக்காது என்று கருதப்பட்ட அளவுக்குப் பார்வை மீண்டது. இத்தகைய மருந்துகள் டிஆர்கே-பி ஏற்பியிலேயே நேரடியாக இணைகின்றன என்ற சான்று 2021இல் வெளியானது. மருந்தின் பங்கு இணைப்புகளை இளக்குவதோடு நின்றுவிடுகிறது. அவை எந்தத் திசையில் மாறும் என்பதைத் தீர்மானித்தது, எலி அந்தக் கண்ணால் பார்த்த காட்சிகள்தான்.