ட்வீட்டை எண்ணினால் மக்கள் கருத்து தெரிந்துவிடுமா?

"சார், ஒரு லட்சம் ட்வீட் எடுத்து வெச்சிருக்கோம். மக்கள் என்ன நினைக்கிறாங்கன்னு ஒரு ரிப்போர்ட் போட்டுக் குடுங்க."

டேட்டா அனலிஸ்ட் வேலையில் இப்படி அடிக்கடி போன் வரும். அந்த ஒரு லட்சத்தை எழுதியது எத்தனை பேர் என்று கேட்பேன். மறுமுனையில் சத்தம் இருக்காது.

போன மழைக்காலத்தில், ஒரு ஹேஷ்டேக்கில் வந்த ட்வீட்டுகளைச் சேர்த்து அனுப்பிய கோப்பு ஒன்றைக் கணக்குப் பெயர் வாரியாக அடுக்கிப் பார்த்தேன். ஒரே வரி, அதே எழுத்துப்பிழையோடு, அரைமணி நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான கணக்குகளிலிருந்து விழுந்திருந்தது. ஏதோ வாட்ஸப் குழுவில் கொடுத்து ஒட்டச் சொன்ன வரியாக இருக்கும். அதைக் கழித்தால், மிச்சத்தில் பெரும்பகுதி காலையிலிருந்து இரவுவரை வேறு வேலையே இல்லாமல் எழுதும் சிலருடையது.

அந்த மிச்சத்தை, பாராட்டா திட்டா என்று பிரிக்கும் மென்பொருளிடம் கொடுத்தால் இன்னொரு கூத்து. "ஆஹா, சூப்பர் ரோடு! வாசல்லயே நீச்சல் குளம்" என்று ஒருவர் எழுதியதைப் பாராட்டுக் கணக்கில் சேர்த்திருந்தது. "மரண மாஸ்" துக்கமாகிவிட்டது. அதனால் ஐந்நூறு பதிவுகளையாவது இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துக் குறிக்க வேண்டும் என்பேன். மனிதர்கள் இருவருக்கே ஒத்துப்போகாத இடத்தில் மென்பொருளை நம்பிப் பயனில்லை.

ஜெர்மனியில் 2009 தேர்தலுக்கு முன் வெளியான சுமார் ஒரு லட்சம் ட்வீட்டுகளை எடுத்து, கட்சிப் பெயர்கள் அடிபட்ட விகிதம் வாக்கு விகிதத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது என்று 2010இல் ஓர் ஆய்வு வந்தது. பிறகு வேறு ஆய்வாளர்கள் அதைக் குடைந்தார்கள். நாடாளுமன்றத்தில் இருந்த கட்சிகளை மட்டும்தான் எண்ணியிருந்தார்கள். இணையமே கதி என்று கிடந்தவர்களின் பைரேட் கட்சியையும் சேர்த்து எண்ணினால் முதலிடம் அதற்குத்தான்! உண்மையில் அது வாங்கியது 2 சதவீதம்.

இன்னொன்று, பதிவை அப்படியே அறிக்கையில் ஒட்டாதீர்கள். பெயரை அழித்தாலும், அந்த வரியைத் தேடல் பெட்டியில் போட்டால் ஆள் கிடைத்துவிடுவார். தன் பள்ளியைப் பற்றிப் புலம்பிய ஆசிரியை, நம் ஸ்லைடால் நிர்வாகத்திடம் மாட்டக்கூடாது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அந்த மழைக்காலக் கோப்புக்காரர் கேட்டார்: "அப்போ தலைப்புல 'மக்கள் கருத்து'ன்னு போடலாமா?"

"'இந்த ஹேஷ்டேக்கில் எழுதியவர்களின் கருத்து'ன்னு போடுங்க."

"ரொம்ப நீளமா இருக்கே சார்" என்றார்.