பத்துப் பேருக்குப் பேதி, ஆனால் எத்தனை பேரில்?

எம்.டி. முடித்த புதிதில் குடியாத்தத்தில் ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர் கேட்டார்: "நீ எதற்கு டாக்டர்? இதயமா, எலும்பா?" சமூக மருத்துவம் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் மேற்கொண்டு எதுவும் படிக்கவில்லையா?" என்றார். மூன்று வருடப் படிப்பு அது. அதில் என்ன கற்றேன் என்று அன்று சொல்லத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தொகுதி, கீழே பகுதி. மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் கண்ணில் படுவது தொகுதி மட்டும்தான். ஒரு தெருவிலிருந்து பத்துப் பேர் பேதி என்று வருகிறார்கள், இன்னொரு தெருவிலிருந்து ஆறு பேர். முதல் தெருவில்தான் கோளாறு என்று தோன்றும். ஆனால் முதல் தெருவில் 400 பேர் குடியிருக்க, இரண்டாவதில் 60 பேர்தான் என்றால்? அங்கே நூற்றுக்கு இரண்டரை, இங்கே நூற்றுக்குப் பத்து. கீழே இருக்கும் எண்ணைத் தேடிக்கொண்டு தெருவுக்குப் போவதுதான் என் படிப்பு. இந்த ஊருக்கு அது புதிதும் இல்லை. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி மரத்தடியில் வைத்தியம் பார்த்தவர்.

தெருவுக்குப் போனால் மட்டும் போதாது, கேட்கவும் தெரிய வேண்டும். பாலாற்றுக் கரையோரக் கிராமம் ஒன்றில் வீடு வீடாகப் போய், "குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வீடு "இல்லை". ஒரு திண்ணையில் ஆயா மடியில் கிடந்த குழந்தை வாடிப்போயிருந்தது. நேற்றிலிருந்து எத்தனை தடவை வெளிக்குப் போனது என்று கேட்டேன். "ஏழெட்டுத் தடவை இருக்கும். பல் முளைக்கிற பிள்ளைக்குப் போகத்தானே செய்யும்? இதற்கெல்லாம் நோயென்று பெயர் வைத்தால் எப்படியம்மா?" என்றார் ஆயா. பல் முளைப்பதால் பேதி ஆவதில்லை. அந்த வயதில் குழந்தை தவழ்ந்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது, கிருமி அப்படித்தான் போகிறது. ஆனால் அன்று தப்பு ஆயாவுடையது இல்லை, என் கேள்வியுடையது. 24 மணி நேரத்தில் மூன்று தடவை அல்லது அதற்கு மேல் நீராகப் போனால் வயிற்றுப்போக்கு என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அதை அப்படியே கேட்டிருக்க வேண்டும். கேள்வியை மாற்றிக்கொண்டு முதல் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினேன். பாதி "இல்லை"கள் "ஆமாம்" ஆயின.

அந்த வீட்டில் ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைப் பொடி இருந்தது. ஒரு லிட்டர் பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இது ஆபத்து. உப்பு கூடிப்போனால் குழந்தையின் நிலைமை இன்னும் மோசமாகும். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதையும் கொட்டிக் கலக்கி, 24 மணி நேரத்துக்குள் கொடுத்து, மிச்சத்தைக் கீழே ஊற்றிவிட வேண்டும். கூடவே துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10. பேதி நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. தாய்ப்பாலையும் சோற்றையும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தாலும், குடிக்க முடியாமல் துவண்டாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும் தொக்கம் எடுப்பவரிடம் போய் நேரத்தைக் கழிக்காமல் நேராக மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

பேதி கண்ட வீடுகளை ஒரு காகிதத்தில் புள்ளி வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் பெரும்பாலும் மேட்டுத் தெருவில் குவிந்திருந்தன. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் முடிகிற இடம் அது. தண்ணீர் அங்கே ஏறாது. அதனால் வாசலில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, குழாயை அதற்குள் இறக்கியிருந்தார்கள். பெண்கள் பள்ளத்துக்குள் இறங்கிக் குடத்தை நிரப்பிக் கொண்டிருந்தார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரும் அதே பள்ளத்தில்தான் தேங்கியது. தண்ணீர் விடும் நேரம் முடிந்து குழாய் காலியாகும்போது அது உள்ளே இழுக்கும். பள்ளத்து அழுக்கு குழாய்க்குள் போய், அடுத்த முறை குடத்துக்கு வரும். மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகளிலும் விரிசல் வழியாக இதுவேதான் நடக்கிறது.

தொட்டி ஆபரேட்டரைக் குற்றம் சொல்லிவிடலாம் என்று போனேன். மனிதர் 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் காத்திருந்து திறந்துவிடுகிறவர். தொட்டியடித் தண்ணீரைச் சோதனைக் குப்பியில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டதும் மஞ்சளானது. கிருமியைக் கொல்லும் குளோரின் தண்ணீரில் இருக்கிறது என்று அர்த்தம். மேட்டுத் தெருப் பள்ளத்துக் குழாய்த் தண்ணீர் நிறம் மாறாமலே நின்றது. அதைப் பார்த்த பிறகு அவர் என்னிடம் விளக்கம் எதுவும் கேட்கவில்லை.

குழாயை மேலே தூக்கச் சொன்னேன். "தூக்கினால் தண்ணீரை யார் கொண்டுவருவது, நீயா?" என்று கேட்டார் அதே ஆயா. நியாயமான கேள்வி. பதில் ஆபரேட்டரிடம் இருந்தது. கீழ்த் தெருக்களின் வால்வை மூடிவிட்டு மேட்டுத் தெருவுக்கு முதலில் அரை மணி நேரம் தனியாகத் திறந்துவிட்டார். தண்ணீர் தரைக்கு மேலே வந்தது. பிறகுதான் பள்ளங்களை மூடச் சம்மதித்தார்கள், அதுவும் எல்லோரும் இல்லை. நான் கிளம்பும்போது ஆபரேட்டர் அந்தச் சோதனைக் குப்பியைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.