நல்லாசிரியர்கள் கூடினால் பாடத்தைப் பேசுவோம்

செப்டம்பர் 5 நெருங்கினால் நல்லாசிரியர் விருதுப் பட்டியல் வரும். டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரில் தமிழக அரசு தரும் அந்த விருதில் வெள்ளிப் பதக்கமும் பாராட்டுச் சான்றிதழும் 10,000 ரூபாயும் உண்டு. தொடக்கப் பள்ளி ஆசிரியையான நானும் அதைப் பெற்றவள், பெருமையாகவே இருக்கிறது. விழா தொடங்கக் காத்திருந்த நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்களிடம் கற்றதை இன்றைக்கும் என் வகுப்பில் பயன்படுத்துகிறேன். அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

மலைப்பகுதி ஈராசிரியர் பள்ளி ஒன்றிலிருந்து வந்த அக்காவிடம், "உங்க பிள்ளைங்க எங்கே தடுமாறுறாங்க?" என்று கேட்டேன். "ஒகர வரிசையில்தான்" என்றார். 'கொடி'யைச் சில பிள்ளைகள் 'கெடி' என்பார்கள், சிலர் 'காடி' என்பார்கள். கொம்பு முன்னால், கால் பின்னால். கண் ஏதாவது ஒன்றைத்தான் பிடிக்கிறது. அவர் மூன்று அட்டைகள் வைத்திருக்கிறார். இடப்பக்கம் ஒற்றைக் கொம்பு, வலப்பக்கம் துணைக்கால். இரண்டும் அசையாது. நடு அட்டையை மட்டும் பிள்ளையே க, த, ப, ம என்று மாற்றி மாற்றி வைத்து வாசிக்க வேண்டும். அது பழகியதும் கொம்பை இரட்டைக் கொம்பாக்கினால் 'கொ' 'கோ' ஆகிவிடும். பயிற்சிக் கையேடுகளில் நான் பார்க்காத உத்தி இது. காலண்டர் அட்டை போதும், செலவே இல்லை.

இன்னொரு சார், பிள்ளைகள் போடும் தப்புக் கணக்குகளைத் தனி நோட்டில் எழுதி வைக்கிறார். 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவால் எழுதவில்லை. ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்கிறது. அந்தப் பிள்ளைக்குச் சிவப்பு மையால் பயனில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்ல வேண்டும்.

மகாராஷ்டிராவின் சோலாப்பூர் மாவட்ட ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே 2020-இல் உலக ஆசிரியர் பரிசு பெற்றார். பத்து லட்சம் டாலரில் பாதியை இறுதிச் சுற்றில் உடனிருந்த மற்ற ஒன்பது பேருக்கும் பகிர்ந்து கொடுத்தார். சக ஆசிரியரைப் போட்டியாளராகப் பார்க்காத அந்த மனதை நான் வணங்குகிறேன்.

நம் பக்கம் விருது வாங்கியவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், ஊர் ஊராக அழைத்துப் பேசச் சொல்கிறோம். அவர் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வருபவர்கள் அபூர்வம். அவர் பணி ஓய்வு பெறும்போது அந்த அட்டைகளும் அந்த நோட்டும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். இது எனக்குப் பெரிய வேதனை.

விருதே வாங்காத அருமையான ஆசிரியர்கள் பக்கத்துப் பள்ளியிலேயே இருப்பார்கள். தேசிய விருதுக்கு 2018 முதல் ஆசிரியர்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்றாலும், கோப்பு தயாரிக்க எல்லோருக்கும் நேரமோ மனமோ இருப்பதில்லை.

தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் வாழ்த்துரைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஓர் ஆசிரியரை ஒரே ஒரு பாடத்தை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். புதிதாகப் பணியில் சேர்ந்த தம்பி தங்கைகளே, நல்லாசிரியர் யாரைச் சந்தித்தாலும் செல்ஃபி எடுத்த கையோடு, உங்கள் பிள்ளைகள் இடறும் ஓர் இடத்தைச் சொல்லி, "நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். பதிலை அன்றைக்கே நோட்டில் எழுதிவிடுங்கள்; மறுநாள் வகுப்பில் செய்து பாருங்கள்.