கதவோடு வரும் ஸ்டியரிங்: ஐசெட்டா என்ற குட்டிக் கார்

ஐசெட்டாவில் ஏற வேண்டுமென்றால் பக்கவாட்டில் போய்க் கதவைத் தேடக் கூடாது. முன்னால் வர வேண்டும். கைப்பிடியைத் திருப்பி இழுத்தால், கண்ணாடி, வைப்பர் எல்லாவற்றோடும் வண்டியின் முகமே ஃப்ரிட்ஜ் கதவு மாதிரி திறந்துகொள்ளும். ஸ்டியரிங்கும் கூடவே வெளியே வரும். ஏறித் திரும்பி, இருக்கிற ஒரே நீள சீட்டில் உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தினால், ஸ்டியரிங் சரியாகக் கைக்கு நேரே வந்து நிற்கும்.

ஃப்ரிட்ஜைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இத்தாலியில் மிலான் நகரத்துக்குப் பக்கத்தில் பிரெஸ்ஸோ என்ற ஊரில் இருந்த ஐசோ நிறுவனம் முதலில் ஃப்ரிட்ஜ்தான் செய்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஸ்கூட்டரும் மோட்டார் சைக்கிளும் செய்தது. ஸ்கூட்டர் வாங்க முடிகிறது, கார் வாங்கக் காசு பத்தாது என்ற நிலையில் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான குடும்பங்கள் இருந்தன. மழையில் நனையாமல் இரண்டு பேர் போக ஒரு வண்டி வேண்டும் என்று முதலாளி ரென்ஸோ ரிவோல்டா முடிவு செய்தார். வேலையை எர்மெனெஜில்டோ ப்ரெத்தியிடம் ஒப்படைத்தார். ப்ரெத்தி, எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர்கள் வடிவமைத்த விமானப் பொறியாளர். வண்டி 1953-ல் டூரின் நகரில் வெளியானது. ஐசெட்டா என்றால் குட்டி ஐசோ.

முன்கதவை வெறும் விநோதம் என்று நினைத்துவிட வேண்டாம். வண்டியின் நீளம் 2.3 மீட்டருக்கும் குறைவு. எஞ்சின் பின்னால் போய்விட்டது. இருவர் உட்காரும் சீட்டை வைத்துவிட்டால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே பக்கக் கதவுக்கு ஒழுங்கான இடம் இல்லை. முன்பக்கமோ காலியாகக் கிடக்கிறது. அப்படியானால் கதவு அங்கேதான். இன்னொரு வசதியும் கிடைத்தது: நடைபாதையைப் பார்த்தபடி குறுக்காக நிறுத்தி, கதவைத் திறந்து நேராக நடைபாதையில் கால் வைக்கலாம்.

ஸ்டியரிங்தான் சிக்கல். அது தரையோடு இறுகியிருந்தால் ஆள் ஏற முடியாது. அதனால் ஸ்டியரிங் தண்டைக் கதவில் பொருத்தி, அதன் அடியில் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் வைத்தார்கள். லாரிக்கு அடியில் எஞ்சினிலிருந்து பின் அச்சுக்குப் போகும் தண்டில் இருக்கிற அதே வகை இணைப்பு. இரண்டு தண்டுகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் கோணமாக நின்றாலும், ஒன்றைத் திருப்பினால் மற்றது திரும்பும். கதவு ஆடும்போது தண்டும் சாய்ந்து கொடுக்கும்.

கதவைத்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது பின்சக்கரங்கள். முதலில் ப்ரெத்தி பின்னால் ஒரே சக்கரம்தான் வைத்தார். மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் இடங்களைக் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். வளைவில் திரும்பும்போது வண்டியின் எடை வெளிப்பக்கமாகத் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலும் எடையும் சேர்ந்து அழுத்தும் இடம் முக்கோணத்தின் ஓரத்தைத் தாண்டினால் வண்டி கவிழும். ஆட்டோவில் வேகமாக வளைகிறபோது வயிற்றைப் பிசைகிறதே, அதற்குப் பின்னால் இருப்பதும் இந்த முக்கோணம்தான், திசை மட்டும் மாறியிருக்கும். ஐசெட்டாவில் எஞ்சினும் ஆட்களும் முக்கோணத்தின் குறுகலான பின்பகுதியை நோக்கி இருந்ததால் கவிழும் ஆபத்து இருந்தது.

ஆகவே பின்னால் இன்னொரு சக்கரம் சேர்த்தார்கள். ஆனால் முன்சக்கரங்களைப் போல 1.2 மீட்டர் இடைவெளியில் இல்லை, அரை மீட்டர் இடைவெளியில், ஒட்டினாற்போல. ஏன்? வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். செங்கோணமாக ஒரு தெரு திரும்பும்போது, சக்கரங்கள் 1.2 மீட்டர் தள்ளியிருந்தால் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட 1.9 மீட்டர். அதைச் சமாளிக்கத்தான் கார்களில் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டி. இடைவெளி அரை மீட்டரானால் வித்தியாசம் 0.8 மீட்டராகிவிடும். லேசான வண்டியில் டயர் கொஞ்சம் வழுக்கியே அதைத் தாங்கிக்கொள்ளும். டிஃபரன்ஷியல் வேண்டாம், அதன் எடை வேண்டாம், விலையும் வேண்டாம். முக்கோணத்தின் முனை வெட்டுப்பட்டு, நிற்பதற்கு அகலமும் கிடைத்தது.

ஆனால் ஐசோவுக்குச் சொந்த ஊரில் விற்பனை சூடுபிடிக்கவில்லை. ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ அப்போது தத்தளித்துக்கொண்டிருந்தது. அதன் பெரிய சொகுசுக் கார்களை வாங்க ஆள் குறைவு, மோட்டார் சைக்கிள் சந்தையும் சரிந்துகொண்டிருந்தது. அது ஐசெட்டாவின் உரிமத்தை வாங்கி, ஐசோவின் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை எடுத்துவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளின் 247 சிசி, 12 குதிரைத்திறன் எஞ்சினைப் பொருத்தி 1955-ல் விற்பனைக்கு விட்டது. உச்ச வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர். அடுத்த வருஷமே சூயஸ் நெருக்கடி வந்து பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட, சின்ன வண்டிகளுக்கு மவுசு கூடியது. 1962-ல் உற்பத்தி நிற்பதற்குள் பிஎம்டபிள்யூ 1,61,728 ஐசெட்டாக்களைச் செய்திருந்தது. பிரேசிலிலும் பிரான்ஸிலும் இதே வண்டியை வேறு நிறுவனங்கள் தயாரித்தன.

பிரிட்டனில் பிரைட்டன் நகரில் ஒரு பழைய ரயில் எஞ்சின் பட்டறையில் 1957 முதல் ஐசெட்டா தயாரானது. பட்டறைக்குச் சாலையே கிடையாது. பாகங்கள் ரயிலில் வந்தன, வண்டிகளும் ரயிலிலேயே போயின. அந்த நாட்டில் அப்போது மூன்று சக்கர வண்டிக்கு வரி குறைவாக இருந்தது. ரிவர்ஸ் கியர் இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிள் லைசென்ஸே போதுமானதாக இருந்தது. அதனால் ப்ரெத்தி யோசித்துச் சேர்த்த அந்த நான்காவது சக்கரத்தை எடுத்துவிட்டு, பின்னால் ஒற்றைச் சக்கரத்தோடு அங்கே விற்றார்கள். ஐரோப்பிய வண்டியில் ஓட்டுநர் இடப்பக்கம், எஞ்சின் வலப்பக்கம் என்று எடை சமமாக இருந்தது. பிரிட்டனில் ஓட்டுநரும் வலப்பக்கம் வந்துவிட்டதால், இடப்பக்கம் ஒரு கனமான இரும்பை வைத்து அதைச் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

ரிவர்ஸ் இல்லாத வண்டியைச் சுவருக்கு மிக நெருக்கமாக நிறுத்திவிட்டால் கதவைத் திறக்க முடியாது, பின்னால் எடுக்கவும் முடியாது. அப்போது இருப்பது தலைக்கு மேலே மடக்கித் திறக்கும் துணிக்கூரை மட்டும்தான். விபத்தில் முன்கதவு நசுங்கிப்போனால் தப்பிப்பதற்கென்று வைத்திருந்த வழி அது.