காப்பியின் ஆன்டி ஆக்சிடன்ட்டுகள் குடலில் என்ன ஆகின்றன?

காப்பியில் ஆன்டி ஆக்சிடன்ட்டுகள் (செல்களைக் கெடுக்கும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் சேர்மங்கள்) மிகுதி என்று சொல்லப்படும் கணக்குகள் பெரும்பாலும் கோப்பையில் உள்ள திரவத்தைச் சோதனைக்குழாயில் அளந்து பெற்றவை. அதே திரவம் இரைப்பை, குடல், கல்லீரல் ஆகியவற்றைக் கடந்து இரத்தத்தை அடையும்போது, அதில் இருந்த சேர்மங்களில் பெரும்பகுதி வேறு சேர்மங்களாக மாறிவிட்டிருக்கும்.

காப்பியின் ஆன்டி ஆக்சிடன்ட்டுகளுள் முதன்மையானவை குளோரோஜெனிக் அமிலங்கள். கஃபெயிக் அமிலம், ஃபெருலிக் அமிலம் போன்றவை குயினிக் அமிலத்துடன் எஸ்டர் எனப்படும் வேதிப் பிணைப்பால் இணைந்து உருவாகும் இந்தக் குடும்பம், அராபிகாவைவிட ரோபஸ்டாக் கொட்டையில் கூடுதலாக இருக்கும். கொட்டையைக் கருக வறுக்க வறுக்க இவை சிதைகின்றன. அதே வறுப்பில் சர்க்கரைகளும் புரதப் பகுதிகளும் வினைபுரிந்து மெலனாய்டின் எனப்படும் பழுப்பு நிறப் பெருமூலக்கூறுகள் உருவாகின்றன; சிதைந்த குளோரோஜெனிக் அமிலத்தின் ஒரு பங்கு அவற்றிலேயே ஒட்டிக்கொள்கிறது.

இரைப்பையின் அமிலத்தால் குளோரோஜெனிக் அமிலத்துக்குப் பெரிய கேடில்லை. சிறுகுடலில் அமிலத்தன்மை தணிந்ததும் அதன் ஒரு பகுதி வடிவம் மாறியும் ஆக்சிஜனேற்றம் அடைந்தும் சிதைகிறது. ஆனால் எஸ்டர் பிணைப்பை வெட்டுவதற்கு அங்குள்ள நொதிகளின் திறன் மிகக் குறைவு. எவ்வளவு உட்கிரகிக்கப்படுகிறது என்பதை அறிய ஆய்வாளர்கள் கையாண்ட வழி கவனிக்கத்தக்கது. பெருங்குடல் அறுவை சிகிச்சையால் அகற்றப்பட்டு, சிறுகுடலின் முனை வயிற்றுச் சுவரில் திறந்து விடப்பட்டவர்களுக்குக் குளோரோஜெனிக் அமிலத்தைக் கொடுத்து, வெளிவரும் திரவத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்தார்கள். நெதர்லாந்தில் நடந்து 2001-இல் வெளியான அத்தகைய ஆய்வில், குளோரோஜெனிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உட்கிரகிக்கப்பட்டது. பிணைப்பு இல்லாத தனிக் கஃபெயிக் அமிலமோ சுமார் 95 சதவீதம் உட்கிரகிக்கப்பட்டது. ஆக, தடை அந்தப் பிணைப்பில்தான் இருக்கிறது.

எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கு பெருங்குடலுக்குச் செல்கிறது. முக்கியமான வேலை அங்குதான் நடக்கிறது. அங்கு வாழும் பாக்டீரியாக்களின் எஸ்டரேஸ் நொதிகள் பிணைப்பை அறுக்கின்றன. பிற நொதிகள் கஃபெயிக் அமிலத்தின் இரட்டைப் பிணைப்பை ஹைட்ரஜனால் நிரப்பி டைஹைட்ரோகஃபெயிக் அமிலமாக்குகின்றன. காப்பி குடித்தவரின் இரத்தத்தில் இரண்டு அலைகள் தெரிவதற்குக் காரணம் இதுவே: சிறுகுடலிலேயே உட்கிரகிக்கப்படும் ஃபெருலிக் அமிலத்தின் சல்ஃபேட் போன்றவை ஒரு மணி நேரத்துக்குள் உச்சம் தொட, பெருங்குடலில் உருவாகும் டைஹைட்ரோ வகைகள் நான்கு மணி நேரத்துக்குப் பிறகே உச்சத்தை எட்டுகின்றன. பெருங்குடல் இல்லாதவர்களிடம் இந்த இரண்டாம் அலை எழுவதில்லை என்றே சொல்லலாம். குடல் பாக்டீரியாக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒரே காப்பியைக் குடித்த இருவரின் இரத்தத்தில் ஒரே அளவு சேர்மங்கள் இருப்பதுமில்லை.

குடற்சுவரும் கல்லீரலும் இவற்றின் மீது சல்ஃபேட், மெத்தில் எனும் சிறு அணுத்தொகுதிகளை ஏற்றிச் சிறுநீரில் எளிதாக வெளியேறும்படி செய்கின்றன. ஆன்டி ஆக்சிடன்ட் ஆற்றலுக்கு உரிய ஹைட்ராக்சில் தொகுதிகளே இந்த மாற்றத்தில் மூடப்படுகின்றன. மேலும், இரத்தத்தில் இவற்றின் செறிவு ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோமோலை (மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறிக்கும் சிறு அலகு) ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கும். நம் உடலிலேயே உண்டாகும் யூரிக் அமிலமோ, அதுவும் ஒரு ஆன்டி ஆக்சிடன்ட்தான், நூற்றுக்கணக்கான மைக்ரோமோல் அளவில் ஓடிக்கொண்டிருக்கிறது. காப்பி நேரடியாக இரத்தத்தைக் காக்கிறது என்ற வாதம் இந்தக் கணக்கில் நிற்காது. அமெரிக்க வேளாண்மைத் துறை, உணவுகளின் ஆன்டி ஆக்சிடன்ட் திறனைச் சோதனைக்குழாயில் அளந்து தொகுத்த தனது பட்டியலை 2012-இல் விலக்கிக்கொண்டதும் இத்தகைய காரணத்தால்தான். பயன் இருந்தால், செல்களின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைத் தூண்டுவதன் வழியே இருக்கலாம் என்பதே இன்று பெரும்பாலும் முன்வைக்கப்படும் விளக்கம்.

பால் சேர்த்தால் என்ன ஆகும் என்பது நம்மூர்க் காப்பிப் பிரியர்களுக்கு உரிய கேள்வி. பாலின் கேசீன் புரதம் குளோரோஜெனிக் அமிலத்துடன் பிணைவது உண்மை. ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் சில உட்கிரகிப்பு குறைவதாகவும், வேறு சில மொத்த அளவில் மாற்றமில்லை என்றும் கண்டிருப்பதால், பாலை இதற்காகக் கைவிட வேண்டியதில்லை.

இரத்தத்துக்கு வராமல் குடலிலேயே தங்குவனவற்றுக்கும் வேலை உண்டு. மெலனாய்டின்கள் செரிக்காமல், ஏறக்குறைய நார்ச்சத்தைப் போலவே பெருங்குடலை அடைந்து அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகின்றன. குளோரோஜெனிக் அமிலம் உள்ளிட்ட பாலிபீனால்கள் எனும் தாவரச் சேர்மங்களோ உணவிலுள்ள இரும்பைப் பிடித்துவைத்து, அது உட்கிரகிக்கப்படுவதைக் குறைக்கின்றன. 1983-இல் வெளியான ஓர் ஆய்வில், உணவுடன் அருந்திய ஒரு கோப்பைக் காப்பி இரும்பு உட்கிரகிப்பை 39 சதவீதம் குறைத்தது. உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதும் குறைவு அதே அளவில் இருந்தது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பே குடித்தபோது குறைவு ஏற்படவில்லை. இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பிட்ட கையோடு காப்பி குடிக்காமல், சாப்பாட்டுக்கு முன்பே இடைவெளி விட்டுக் குடிப்பது நல்லது.