சோல் எந்த ஊரிலிருந்து வருகிறது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நம் பழைய வடஆற்காடு வட்டாரத்தில் தோல் வேலை தெரிந்த குடும்பம் எதை எடுத்துக்கொண்டாலும், எத்தியோப்பியா, கென்யா, வங்கதேசம் என்று வெளிநாட்டு டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, போய்வந்த ஒருவர் உறவிலோ தெருவிலோ இருப்பார். நானும் அப்படிப் போனவன்தான். தோல் தொழில்நுட்பம் படித்து, வாணியம்பாடியில் வேலை பழகி, எத்தியோப்பியாவின் மோஜோ ஊரில் ஒரு டேனரியில் டெக்னீஷியனாக இருந்தேன். இப்போது ராணிப்பேட்டையில் இருந்தபடி சின்ன டேனரிகளுக்கும் ஷூவின் மேல்பாகமான அப்பரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் ஆலோசனை சொல்கிறேன்.

இதை இப்போது எழுதத் தூண்டியது பனப்பாக்கம். அங்குள்ள சிப்காட்டில் தைவானின் ஹாங் ஃபு நிறுவனம் 1,500 கோடி ரூபாயில் ஷூ தொழிற்சாலை கட்ட 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. 25,000 பேருக்கு வேலை என்று அறிவித்திருக்கிறார்கள். செய்யாறில் இன்னொரு தைவான் குழுமம் பல வருடமாகவே விளையாட்டு ஷூ செய்துகொண்டிருக்கிறது. நெமிலி, அரக்கோணம், காவேரிப்பாக்கம் பக்கம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சு. எத்தனை பேரை எடுப்பார்கள், சம்பளம் எவ்வளவு, பஸ் எந்த ஊர் வரைக்கும் வரும்?

கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. எத்தியோப்பியாவிலும் அதோடுதான் நின்றது. அந்த ஷூவுக்குச் சோல் எந்த ஊரிலிருந்து வருகிறது, பசை எங்கே காய்ச்சுகிறார்கள், ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் கால் அச்சான லாஸ்ட்டை யார் கடைகிறார்கள், சோல் வார்க்கும் மோல்டை யார் வெட்டுகிறார்கள் என்று கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் அங்கே பக்கத்திலிருந்து பார்த்தேன்.

ஷூ தொழில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிற தொழில் கிடையாது. ஒரு காலத்தில் தைவானும் தென்கொரியாவின் பூசானும்தான் உலகத்துக்கே ஷூ தைத்தன. அங்கே கூலி ஏறியதும், 1980-களின் கடைசியிலிருந்து, சீனாவின் குவாங்டாங் மாகாணத்துக்கு, குறிப்பாக டோங்குவான் பக்கம், வேலை இடம்பெயர்ந்தது. சீனா தையலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு திருப்திப்படவில்லை. சோல், பசை, ஐலெட், ஜிப், இன்சோல் போர்டு, லாஸ்ட், மோல்டு, மெஷினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாவற்றையும் ஷூ ஃபேக்டரிக்குப் பக்கத்திலேயே வளர்த்துக்கொண்டது. 2001-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது இந்த அடித்தளம் தயாராக இருந்தது. இன்றைக்கு உலகத்தில் தயாராகும் செருப்பு, ஷூவில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வருகிறது.

அப்புறம் டோங்குவானிலும் கூலி ஏறியது. தையல் வேலை வியட்நாமுக்கும் இந்தோனேசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கிளம்பியது. தையலைத் தவிர மற்றதில் பெரும்பங்கு சீனாவிலேயே இருந்துவிட்டது. ஏழை நாடுகள் பல, “சீனா விடும் வேலைகளை நாம் பிடிப்போம்” என்பதையே தங்கள் வளர்ச்சித் திட்டமாக எழுதிக்கொண்டன. அந்த நாடுகளுக்குக் கிடைத்தது எது, கிடைக்காதது எது என்று புரிந்துகொள்ள எத்தியோப்பியாவைப் போல இன்னொரு பாடம் இல்லை.

அங்கே திட்டம் இல்லாமல் இல்லை. பிரதமராக இருந்த மெலஸ் ஜெனாவி கிழக்கு ஆசிய நாடுகள் வளர்ந்த விதத்தைப் படித்து அதன்படி நாட்டை நடத்த நினைத்தவர். 2011-ல் சீனாவுக்குப் போனபோது ஷூ கம்பெனிகளை நேரில் அழைத்தார். ஹுவாஜியன் என்ற குவாங்டாங் நிறுவனம் 2012 தொடக்கத்தில் அடிஸ் அபாபாவுக்குப் பக்கத்தில் துகெம் தொழிற்பேட்டையில் பெண்கள் ஷூ தைக்கத் தொடங்கியது. மாதக்கணக்கில் இழுக்காமல் ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, அமெரிக்காவுக்குச் சரக்கு ஏற்றியது. அது உண்மையான சாதனை. சீன முதலீடு வராமல் இருந்திருந்தால் அந்த வேகத்தில் அங்கே யாரும் ஃபேக்டரி திறந்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கம், தங்கள் தோலைத் தாங்களே பதப்படுத்தி விற்க வேண்டும் என்று 2008-ல் பச்சைத் தோலுக்கும் அரைகுறையாகப் பதனிட்ட தோலுக்கும் 150 சதவீத ஏற்றுமதி வரி போட்டார்கள். சில வருடங்களில், பதனிட்டு உலர்த்தி, கடைசி மெருகு மட்டும் பாக்கியுள்ள கிரஸ்ட் தோலுக்கும் அந்த வரி வந்தது. ஃபினிஷ் செய்த தோல்தான் வெளியே போக முடியும் என்ற நிலை. நம் ஊர் டெக்னீஷியன்களுக்கு அங்கே அத்தனை கிராக்கி வந்தது இதனால்தான். சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமான சிஎல்ஆர்ஐயும் அவர்களுடைய தோல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுப் பயிற்சி கொடுத்தது.

மோஜோ டேனரியில் தோலைத் தரம் பிரிக்கும் சார்ட்டிங் மேஜை என்று ஒன்று உண்டு. எத்தியோப்பிய மலைநாட்டுச் செம்மறி ஆட்டுத் தோல் மெலிசாக, உறுதியாக, கையுறைக்கென்றே பிறந்தது போல இருக்கும். இத்தாலிக்காரன் தேடி வந்து வாங்கும் சரக்கு. ஆனால் முடி நீக்கிய பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பல தோல்களில் குண்டூசித் தலை அளவுக்குப் புள்ளிகள், சின்னச் சின்ன முண்டுகள். அங்கே அதை ‘எகெக்’ என்பார்கள். ஆட்டின் மேல் உள்ள பேனும் உண்ணி மாதிரியான பூச்சியும் கடிப்பதால் தோலில் ஏற்படும் ஒவ்வாமை. ஆடு உயிரோடு இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது, டிரம்மிலிருந்து வந்த பிறகுதான் தெரியும். எங்களோடு வாணியம்பாடியிலிருந்து வந்த மூத்த சார்ட்டர் பாய் ஒருவர் இருந்தார். தோலை விரலால் நீவிப் பார்த்துக் கீழ்த்தர அடுக்கில் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்: “தம்பி, இது வரி போட்டா போற நோய் இல்ல. ஆட்டுக்கு மருந்து அடிக்கணும்.”

அவர் சொன்னதில் முழு விஷயமும் இருந்தது. வரிச் சட்டம் தலைநகரில் கையெழுத்தாகிவிட்டது. ஆட்டுக்கு மருந்து அடிக்க வேண்டிய கால்நடை ஊழியர் கிராமத்தில் போதவில்லை. ஃபினிஷிங் கெமிக்கல் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதற்கு டாலர் வேண்டும், டாலருக்கு வங்கியில் வரிசை. சரக்கு டிரம்மில் தயாராக இருக்கும், சாயமும் அதைத் தோலில் பிடிக்க வைக்கும் பைண்டரும் துறைமுகத்தில் கிடக்கும். துகெமில் ஷூ தைத்தவர்களுக்கோ துணைப்பொருள் பெரும்பாலும் சீனாவிலிருந்தே கன்டெய்னரில் வந்தது. ஆப்பிரிக்காவிலேயே கால்நடை அதிகமுள்ள நாடு அது. ஆனால் அந்த நாட்டுத் தோலும் அந்த நாட்டு ஷூவும் ஒன்றையொன்று சரியாகச் சந்திக்கவில்லை.

நாமும் இதே பாதையில்தான் வந்தோம். வடஆற்காட்டுத் தோல் ஷாப்புகள் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட, ‘ஈஸ்ட் இந்தியா’ என்று பெயர் பெற்ற இ.ஐ. தோலை லண்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் இருந்தது. ஷூ செய்யும் லாபம் அந்தப் பக்கம் இருந்தது. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா கமிட்டி பரிந்துரைத்தபடி இந்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியை நிறுத்தி, அரைப் பதனிட்ட தோலுக்குக் கோட்டா வைத்தது. இங்கே அது பலித்தது. 1948-லேயே சிஎல்ஆர்ஐ வந்துவிட்டது, சென்னை பெரியமேட்டில் தோல் சந்தை இருந்தது, தலைமுறை தலைமுறையாகக் கை பழகிய ஆள் இருந்தார்கள், கோட்டாவும் படிப்படியாகத்தான் இறுகியது. ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் எழுந்தன. இந்தோனேசியா நிக்கல் தாதுவை வெளியே விடாமல் 2020-ல் தடை போட்டதும், ஜிம்பாப்வே 2022 கடைசியில் பச்சை லித்தியத்துக்குத் தடை போட்டதும் இதே யோசனைதான். இந்தோனேசியாவில் உருக்காலைகள் வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை சீனப் பணத்தில் வந்தவை. அந்த ஆலைக்குள் இந்தோனேசியர் எந்த வேலை வரைக்கும் ஏறுகிறார் என்பதைத்தான் இனிமேல் கவனிக்க வேண்டும்.

எத்தியோப்பியாவின் மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடிஸ் அபாபாவிலிருந்து ஜிபூத்தி துறைமுகம் வரை சுமார் 750 கிலோமீட்டர் மின்சார ரயில் பாதை, பெரும்பங்கு சீன எக்ஸிம் (ஏற்றுமதி-இறக்குமதி) வங்கிக் கடனில் கட்டப்பட்டது. ரயில் ஓடத் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே தவணை கட்ட முடியாமல், 2018-ல் 10 வருடக் கடனை 30 வருடமாக நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஹவாசாவில் 2016-ல் திறந்த தொழிற்பூங்காவையும் சீன நிறுவனம்தான் கட்டியது. அங்கே தையல் பெண்களுக்கு 2019-ல் அடிப்படைச் சம்பளம் மாதம் 26 டாலர். நம் ஆம்பூர்ப் பெண்கள் இதைப் படித்தால் வாயடைத்துப் போவார்கள். நாட்டின் வடக்கே நடந்த திக்ரே உள்நாட்டுப் போரைக் காரணம் காட்டி, எத்தியோப்பியச் சரக்குக்குக் கொடுத்துவந்த வரிச் சலுகையை 2022 ஜனவரியில் அமெரிக்கா நிறுத்தியது. ஹவாசாவுக்கு முதலில் வந்த பெரிய அமெரிக்க நிறுவனம் அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. 2023 டிசம்பரில் நாடே கடன் தவணை தவறியது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடன் கொடுத்தே சீனா நாடுகளை மடக்குகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘சீனக் கடன் வலை’ பேச்சை அப்படியே நம்பிவிடக் கூடாது. அன்று எத்தியோப்பியா கட்டத் தவறிய 3.3 கோடி டாலர், 2014-ல் சர்வதேசச் சந்தையில் விற்ற கடன்பத்திரத்தின் வட்டி. அது சீனாவுக்குப் போக வேண்டிய தவணை கிடையாது. சாலையும் ரயிலும் அந்த நாட்டுக்குத் தேவைப்பட்டன, வேறு யாரும் அந்த அளவுக்குக் கடன் கொடுக்க முன்வரவில்லை. டாலரில் கடன் வாங்கிப் போட்ட ரயிலில் ஏற்ற, டாலர் சம்பாதிக்கும் சரக்கு உள்ளூரில் போதுமான அளவு தயாராகவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது. சோல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நாட்டின் கடன் கணக்கில் வந்து முட்டுவது இப்படித்தான்.

கடன் கொடுப்பது சீனா மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். தெண்டாஹோ, ஃபின்சா, வொன்ஜி சர்க்கரை ஆலைகளுக்காக எத்தியோப்பியாவுக்கு 64 கோடி டாலர் கடன் கொடுத்தது நம் இந்திய எக்ஸிம் வங்கி. அதில் தெண்டாஹோ வருடக்கணக்கில் இழுபட்டது. அந்த நாட்டு மக்கள் பார்வையில் நாமும் வளரும் வல்லரசுதான்.

வல்லரசின் தேவை எந்தக் குடிசை வரைக்கும் போகும் என்பதற்குக் கழுதைத் தோல் இன்னொரு சாட்சி. சீனாவில் ‘எஜியாவ்’ என்ற மருந்துப் பொருளுக்குக் கழுதைத் தோலைக் காய்ச்சுகிறார்கள். உள்ளூர்க் கழுதைகள் குறைந்ததும் ஆப்பிரிக்கா பக்கம் வந்தார்கள். தண்ணீரும் விறகும் சுமக்கக் கழுதையை நம்பியிருந்த பெண்களுக்கு, திருட்டுப் போன கழுதைக்குப் பதில் இன்னொன்று வாங்க முடியாத அளவுக்கு விலை ஏறியது. கடைசியில் 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியமே கழுதைத் தோல் வியாபாரத்துக்குத் தடை விதிக்க முடிவு செய்தது. 55 நாடுகள் சேர்ந்து பேரம் பேசினால் வல்லரசு கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதை அதில் பார்த்தேன். அதற்கு முன்பு சில நாடுகள் தனித்தனியாகத் தடை போட்டும் அந்த வியாபாரம் நிற்கவில்லை.

கழிவு பற்றிப் பேசாமல் தோல்காரன் கட்டுரையை முடிக்க முடியாது. 1970-களுக்குப் பிறகு மரப்பட்டையை விட்டு, குரோமிய உப்பால் பதனிடும் குரோம் முறைக்கு வேகமாக மாறினோம். அந்நியச் செலாவணி வந்தது, பாலாறு போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, டேனரி வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழாகிவிட்டது என்று பதிவு செய்தது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தில் ஊன்றியது நம் ஆற்றின் பெயரால்தான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும் தீரவில்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டி உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். மோஜோ ஆற்றங்கரையில் நின்றபோது அந்த வாடை எனக்குப் புதிதாக இல்லை. பணக்கார நாடு ஒரு தொழிலை விடுகிறது என்றால், கூலியோடு சேர்த்துக் கழிவின் செலவையும் கைமாற்றப் பார்க்கிறது. வாங்குகிறவர் முதலிலேயே அதை விலையில் சேர்த்துப் பேச வேண்டும். பிறகு நீதிமன்றத்தில் வாங்கும் இழப்பீடு செத்த கிணற்றைத் திருப்பித் தராது.

இனி நம் ஊருக்கு வருவோம். புதிதாக வரும் ஃபேக்டரிகள் பெரும்பாலும் தோல் அல்லாத ஷூ செய்பவை. மெஷ் துணி, ரப்பர், ஈவிஏ என்ற லேசான நுரை பிளாஸ்டிக் சோல். ஆம்பூர் தோலுக்கு அதில் தானாக இடம் வந்துவிடாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஒரே சந்தையை நம்பியிருந்த நம் யூனிட்டுகள் எப்படித் தவித்தன என்பதை எல்லோரும் பார்த்தோம். ஆகவே ஜாப் ஒர்க் எடுப்பவர்களிடம் நான் சொல்வது: அப்பர் தைப்பதோடு நின்றுவிடாதீர்கள். இன்சோல் போர்டு, ஈவிஏ ஷீட் வெட்டுவது, டை கட்டிங் அச்சு, அட்டைப்பெட்டி என்று அந்தப் பெரிய கம்பெனி உள்ளூரில் வாங்கக்கூடிய ஒன்றையாவது பிடியுங்கள். தனியாக முடியாவிட்டால் நான்கு பேர் சேர்ந்து செய்யுங்கள். அவர்கள் எந்தத் தரத்தில் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கிறார்கள் என்ற விவரத்தை முதலில் வாங்கிப் படியுங்கள். நம்மவர் பலர் தோற்பது விலையில் இல்லை, அந்தக் காகிதத்தில்தான்.

பொறியியலும் ஐடிஐயும் படிக்கும் பிள்ளைகள் தையல் லைன் சூப்பர்வைசர் வேலையை மட்டும் குறி வைக்க வேண்டாம். மோல்டு டிசைன், லாஸ்ட் கடையும் சிஎன்சி என்ற கம்ப்யூட்டர் மெஷின் வேலை, சோலுக்கான பாலிமர் கலவை, இந்த மூன்றுக்கும் இன்றைக்கும் வெளிநாட்டு ஆள்தான் வருகிறார். பஞ்சாயத்துத் தலைவர்களும் சட்டமன்ற உறுப்பினர்களும் நிர்வாகத்தோடு பேச உட்காரும்போது, எத்தனை வேலை என்ற எண்ணோடு இன்னும் மூன்றை எழுத்தில் கேட்க வேண்டும். ஐந்து வருடத்தில் எத்தனை உள்ளூர்க்காரர் டெக்னிக்கல் மேனேஜர் ஆவார்? வாங்கும் பொருளில் எத்தனை சதவீதம் இந்த மாவட்டங்களிலிருந்து வரும்? கழிவுநீரும் ரப்பர் கழிவும் எங்கே போகும், அதற்கு யார் பொறுப்பு? பேரம் பேசும் பலம் கட்டடம் எழும்பும் வரைதான் நம்மிடம் இருக்கும். பனப்பாக்கத்தில் அந்த நேரம் இதுதான்.