ரோபோட்: சிக்னல் விளக்கா, எந்திரனா?

ரோபோட் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் அதற்கு இரண்டு பொருள் என்பதால் கேள்வியும் இரண்டு. டர்பனில் வழி கேட்டால், "ரெண்டாவது ரோபோட்ல லெஃப்ட் எடுங்க" என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் ரோபோட் என்றால் போக்குவரத்து விளக்கு. நாற்சந்தியில் கைகாட்டி நின்ற போலீஸ்காரரின் வேலையைத் தானாக மாறும் விளக்குகள் எடுத்துக்கொண்ட காலத்தில், அவற்றை இயந்திரப் போலீஸ் என்ற கருத்தில் ஆங்கிலத்தில் அப்படி அழைத்தார்கள். பிற நாடுகள் பலவற்றில் அந்த வழக்கு மறைந்துவிட்டது, இங்கே ஒட்டிக்கொண்டது. இந்தப் பொருளுக்குத் தமிழ் தேடிச் சிரமப்பட வேண்டாம்: சைகை விளக்கு போதும்.

இன்னொரு பொருளான இயந்திர ஆள்தான் சுவையானது. அது எங்கள் வீட்டுக்குள் வந்தது 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' தொடரோடு. அமெரிக்காவில் 1965 முதல் 1968 வரை ஓடிய தொடர், 83 பகுதிகள், தயாரித்தவர் இர்வின் ஆலன். அது அங்கே ஓடியபோது இந்த நாட்டில் தொலைக்காட்சியே கிடையாது. 1976 ஜனவரியில்தான் முறையான ஒளிபரப்பு தொடங்கியது. நாங்கள் அதைப் பார்த்தது டிவிடி காலத்தில். 1997இல் பூமியை விட்டுக் கிளம்பும் ராபின்சன் குடும்பம் விண்வெளியில் வழிதவறிவிடுகிறது. கப்பலைக் கெடுக்க வந்து தானும் மாட்டிக்கொண்ட டாக்டர் ஸ்மித், குட்டிப் பையன் வில், அப்புறம் கண்ணாடித் தலையும் சுருங்கி விரியும் கைகளும் கொண்ட அந்த ரோபோட். அதற்குத் தனிப் பெயர் கிடையாது, ரோபோட் என்றே கூப்பிடுவார்கள். வடிவமைத்தவர் ராபர்ட் கினோஷிட்டா. உள்ளே நின்று ஆட்டியவர் பாப் மே, குரல் கொடுத்தவர் டிக் டஃபெல்ட். இரண்டு பேர் சேர்ந்து ஓர் இயந்திரம்!

ஸ்மித் அதைத் திட்டும் வசவுகள்தான் எங்களுக்குத் திருவிழா. ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்கி, மோனை பிசகாமல் திட்டுவார். நாங்கள் உருண்டு சிரிப்போம். ஆயா மட்டும், "பாவம், கூலிக்காரனத் திட்டுற மாதிரி திட்டுறானே" என்பார். ஆயாவுக்குச் செக் மொழி தெரியாது. ஆனால் சொல்லின் வேர் அங்கேதான் இருக்கிறது.

செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920இல் வெளியிட்ட 'ஆர்.யு.ஆர்.' நாடகத்தில்தான் ரோபோட் என்ற சொல் பிறந்தது. செயற்கைத் தொழிலாளிகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் யோசித்தபோது, ஓவியரான அண்ணன் ஜோசப் சொன்ன பெயர் இது. 'ரோபோட்டா' என்றால் குடியானவன் தன் நிலப்பிரபுவுக்குக் கட்டாயமாகச் செய்துதர வேண்டிய உழைப்பு. செக் மக்களை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் ஆட்சியில் 1848 வரை அது நடப்பில் இருந்தது. நாடகத்தில் வரும் ரோபோட்டுகள் இரும்பாலானவை அல்ல. செயற்கைச் சதையால் செய்த ஆட்கள். தகர உடம்பெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தது.

ரோபோட்டாவுக்கு நேரான தமிழ்ச் சொல் நம்மிடம் உண்டு: வெட்டி. சோழர் கல்வெட்டுகளில் ஊரார் கொடுக்க வேண்டிய கட்டாய உழைப்புக்கு இதுதான் பெயர். அந்தக் கணக்கில் ரோபோட்டை 'வெட்டியாள்' என்று மொழிபெயர்க்கலாம். ஆனால் இன்று வெட்டி என்றால் வேலையே இல்லாதவன். உழைத்துத் தேய்ந்தவனின் பெயர் சும்மா இருப்பவனுக்குப் போய்விட்டது, என்ன செய்வது! ஒப்பந்தக் கூலி வேலையைக் குறிக்கும் 'கிர்மிட்' என்ற எங்கள் சொல்லையும் சிலர் இங்கே கொண்டுவருவார்கள். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்தவர்களில் தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு எண், ஐந்தாண்டுக் கட்டு. உறவு நெருக்கம்தான், ஆனால் கிர்மிட்டில் சொற்பமாவது சம்பளம் உண்டு. ரோபோட்டாவில் அது இல்லை. இரண்டையும் ஒன்றாக்க எனக்கு மனமில்லை.

சரி, வேரை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். 'தானியங்கி' என்று பலர் எழுதுகிறார்கள். துணி துவைக்கும் இயந்திரமும் தானியங்கிதான், பணம் தரும் இயந்திரமும் தானியங்கிதான். ஸ்மித்திடம் வசவு வாங்கியதைத் தனித்துக் காட்ட இது உதவாது. 'இயந்திர மனிதன்' தெளிவு, ஆனால் நீளம். 'பொறி' பழைய சொல். சிலப்பதிகாரத்தில் மதுரை மதில் மேல் வளைவிற்பொறியும், நெருங்கியவரைக் கடிக்கும் கருங்குரங்கு வடிவப் பொறியும் இருக்கின்றன. சீவக சிந்தாமணியில் மயிற்பொறி பறக்கிறது. ஆனால் இன்றைய காதுக்குப் பொறி என்றால் எலிப்பொறி.

என் வாக்கு எந்திரனுக்கு. 2010இல் வந்த ரஜினி படம் அதைப் பரப்பியது உண்மை, ஆனால் அடிச்சொல் பழையது. யந்திரம் என்ற வடசொல் சங்க காலத்திலேயே எந்திரமாகிவிட்டது. ஐங்குறுநூற்றில் 'கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்' என்று வருகிறது: யானையின் பிளிறலுக்கு எதிராகக் கரும்பு ஆலை பிளிறுகிறது. கரும்புக்காகவே நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்ட எங்கள் ஆட்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான அடிச்சொல் கிடைக்குமா?

ஒரு சிக்கல் உண்டு. 'ன்' சேர்ந்தவுடன் அது உயர்திணை ஆண்பால். எந்திரன் வந்தானா, வந்ததா? கதையில் வரும் எந்திரன் 'வந்தான்' என்றே இருக்கட்டும். சிறுவன் வில்லுக்கு அவன் தோழன்தானே. கார் தொழிற்சாலையில் பற்றவைக்கும் கருவியை எந்திரக் கை என்று சொல்லி அஃறிணையில் விட்டுவிடலாம். 1941இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ரோபோட்டிக்ஸ், அதாவது ரோபோட்டுகளைப் பற்றிய துறை, என்பதற்கு எந்திரனியல் என்று எழுதுங்கள். 'ன'வை விட்டு எந்திரவியல் என்று எழுதினால் அது மெக்கானிக்கல் என்ஜினீயரிங் ஆகிவிடும்.